சர்வகலாசாலைகளும் வெளி ஆலோசகரும்

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடவேண்டும் என்பர் நம் முன்னோர். வரவறியாது செலவிடும் குடும்பத்தைப் போலவே, தன் மாணாக்கர் தொகையையும் பொருள் நிலையையும் அறியாது நடக்கும் கலாசாலையும் நெடுநாள் நில்லாது. ஆதலின், சர்வகலாசாலைகளின் காரியங்களைக் கணக்கிட்டு ஆராய்தல் தகாது என்று வாதிப்பது நமது கருத்தன்று. நம் வேதத்தில் எண்ணாகமம் என்று ஒரு புத்தகமே உண்டு. ஆயினும், அதே வேதத்தில் தாவீதரசன் ஜனங்களை இலக்கம் பார்த்ததனால் விளைந்த துன்பமும் சொல்லப்பட்டிருக்கின்றது. எண்ணுதலில் குற்றமில்லை, எதன்பொருட்டு எண்ணுகின்றோம், எண்ணியபின் எவர் சொல்லைக் கேட்கின்றோம் என்பவற்றிலேயே குணமும் குற்றமும் அமைகின்றன.

இக்காலத்து மேல்நாட்டுச் சர்வகலாசாலைகள் பல, தம் நிர்வாகத்தைச் சீர்ப்படுத்துதற்பொருட்டு ஆலோசனைக் கம்பெனிகளை ஊதியங் கொடுத்து அமர்த்திக்கொள்ளுகின்றன. இவ்வெண்ணம் நேற்று முளைத்ததன்று. இங்கிலாந்தில் 1985-ஆம் ஆண்டிலேயே, ஸர் அலெக்ஸ் ஜாரட் என்னும் தொழிலதிபரின் தலைமையில் கூடிய கமிட்டி, துணைவேந்தரை ஒரு கம்பெனியின் தலைமை அதிகாரியைப் போலக் கருதவேண்டும் என்றும், சர்வகலாசாலைகளின் செயலை அளக்கக் குறியீடுகள் வேண்டும் என்றும் யோசனை கூறியது. அன்று விதைத்தது இன்று மரமாகி நிற்கின்றது. ஆலோசகர் வருகின்றனர், ஒரு மாணாக்கனுக்கு ஆகும் செலவு எவ்வளவு, ஓர் ஆசிரியர் கற்பிக்கும் பாடமணி எத்தனை, ஒரு துறையிற் பட்டம் பெறுவோர் எத்தனை பேர் என்பவற்றையெல்லாம் திரட்டுகின்றனர், பிற சர்வகலாசாலைகளின் சராசரியை அருகில் வைக்கின்றனர், வேறுபாடு கண்ட இடத்திற் கோடிடுகின்றனர்.

இச்சராசரியையே அவர்கள் உரைகல்லாகக் கொள்ளுகின்றனர். பொற்கொல்லன் கல்லில் உரைத்துப் பார்க்கும்போது, மாற்றுத் தெரிந்த பொன்னை முன்னரே உரைத்து, அதனோடு இதனை ஒப்பிடுகின்றான். சராசரியின் மாற்று இன்னதென்று எவர் கண்டனர்? பத்துக் கலாசாலைகள் செலவைச் சுருக்குதற்காகத் தத்துவ வகுப்பை மூடியிருப்பின், மூடாத பதினோராவது கலாசாலை அட்டவணையில் ஊதாரியாகத் தோன்றும். வேறுபாடு உண்டு என்பதை எண் காட்டும். அவ்வேறுபாடு பிழையா, பெருமையா என்பதைச் சொல்ல அதற்கு நாவில்லை.

இதற்கு ஓர் உதாரணம் கூறுவோம். அமெரிக்காவில், நிலக்கரிக்கும் மலைகளுக்கும் பெயர்பெற்ற மேற்கு வெர்ஜீனியா மாகாணத்தில், மார்கன்டவுன் நகரில் 1867-ஆம் ஆண்டு நிறுவப்பட்ட மாகாணச் சர்வகலாசாலை ஒன்று உண்டு. 2014-இல் அதன் தலைமையை மீண்டும் ஏற்ற கார்டன் கீ என்பார், 2020-ஆம் ஆண்டிற்குள் மாணாக்கர் தொகை 40,000 ஆகவேண்டும் என்று இலக்குக் குறித்தார். நிகழ்ந்ததோ வேறு. தொகை வளராமல் தேய்ந்தது. 2023-இல் ஏறக்குறைய நாலரைக் கோடி டாலர் பற்றாக்குறை வாயிலில் வந்து நின்றது. ஆர்.பி.கே. என்னும் ஆலோசனைக் கம்பெனியின் துணைகொண்டு துறைகள் ஒவ்வொன்றாக ஆராயப்பட்டன. அவ்வாண்டு ஆகஸ்டில் வெளியான யோசனைப்படி, 32 பட்டப்படிப்புகளும் 169 ஆசிரியர் பதவிகளும் நீக்கத்தக்கனவாயின. உலகமொழிகள் துறை முழுவதையும் கலைத்துவிடலாம் என்பது அவற்றுள் ஒன்று. மாணாக்கர் அயல்மொழி பயிலவேண்டும் என்ற விதிகளை எடுத்துவிடவும், ஆசிரியருக்குப் பதிலாக இணையவழி மொழிச் செயலி ஒன்றோடு உடன்பாடு செய்துகொள்ளவும் ஆலோசிப்பதாக நிர்வாகத்தினர் அறிவித்தனர். கிளிக்குப் பேசக் கற்பிக்கும் முறையை மனிதனுக்குத் திருப்பியளிக்க எண்ணினர் போலும்!

மொழிகளுக்கு நேர்ந்த இக்கதியின் காரணத்தை நோக்குமின். மொழியையே பட்டத்திற்குரிய பாடமாக எடுத்தவர் சிலரே. அத்தொகை குறைந்து வந்ததும் மெய்யே. ஆனால் வேறு துறைகளிற் பயின்றுகொண்டே, ஸ்பானியமோ ஜெர்மனோ ரஷ்யமோ கற்க அவ்வகுப்பிலே வந்தமர்ந்தவர் பலர். அவர்களையும் சேர்த்தால் அத்துறை தன் செலவினும் மிகுதியாகவே வரவு ஈட்டுகின்றது என்று அதன் ஆசிரியர் எடுத்துக்காட்டினர். எதனை எண்ணுவது என்று தீர்மானிக்கும்போதே தீர்ப்பும் பாதி எழுதப்பட்டுவிடுகின்றது. தலைகளை எண்ணியே மதிப்பதாயின், ஆக்ஸ்போர்டில் தமிழ் கற்பித்த போப்பையரின் வகுப்பு என்ன மதிப்புப் பெற்றிருக்கும்? 1886-இல் அவர் ஆங்கிலத்தில் வெளியிட்ட திருக்குறளை எந்த அட்டவணையின் எந்தக் கட்டத்தில் எழுதுவது?

மார்கன்டவுனில் மாணாக்கர் வகுப்பை விட்டு வெளியேறிக் கிளர்ச்சி செய்தனர். செப்டம்பர் 6-ஆம் நாள் கூடிய ஆசிரியர் பேரவை, தலைவர்மீது நம்பிக்கையில்லை என்று 797 வாக்குகளால் தீர்மானித்தது. எதிர்த்தோர் 100 பேர். ஒன்பது நாள் கழித்து நிர்வாக சபை கூடி, 28 பட்டப்படிப்புகளையும் 143 பதவிகளையும் நீக்கியது. கணிதத்தில் டாக்டர் பட்டத்திற்குரிய படிப்பும் அவற்றோடு போயிற்று. ஸ்பானியம், சீனம் என்னும் இரண்டிலும் மட்டும் சில வகுப்புகளும் சில ஆசிரியரும் தப்பினர்.

பற்றாக்குறை பொய்யன்று; அதற்கு ஏதேனும் செய்தே தீரவேண்டும் என்பதையும் மறுப்பதற்கில்லை. ஆசிரியராகிய நாமும் நம் துறையின் குறையை மறைத்துப் பேசும் இயல்பினரே. ஆயினும் 40,000 என்ற கனவைக் கண்டவர் மொழியாசிரியரல்லர். கனவு ஓரிடத்தில் நிகழ, தண்டம் வேறோரிடத்தில் விழுந்தது. ஆலோசகரோ, அறிக்கை தந்தபின் அடுத்த ஊருக்குச் சென்றுவிடுவர்; அதன் பயனை அனுபவிக்க அங்கே இருப்பவர் மாணாக்கரே. வைத்தியன் கொடுக்கும் மருந்து தவறினால் மறுநாள் அவன் வாயிலிலேயே போய் நிற்கலாம். இவ்வாலோசகரை எங்கே தேடுவது?

நிற்க. இஃது அயல்நாட்டுக் கதை என்று நாம் வாளாவிருத்தற்கில்லை. நம் நாட்டிலும் மத்திய அரசாங்கம் 2015-இல் ஏற்படுத்தி, 2016 முதல் வெளியிட்டுவரும் தரவரிசைக்கு நம் கல்லூரிகள் ஆண்டுதோறும் புள்ளிவிவரம் அனுப்புகின்றன. அதன் ஐந்து தலைப்புகளுள் ஒன்று, கல்லூரியைப்பற்றிப் பிறர் கொண்டுள்ள மதிப்பாம்! மதிப்பும் ஓர் எண்ணாகி நிற்பது வியப்பே. 1994-இல் தோன்றிய ‘நாக்’ என்னும் மதிப்பீட்டுக் குழுவுக்குத் தன்னைப்பற்றித் தானே எழுதவேண்டிய அறிக்கையை, ஊதியத்திற்கு ஆயத்தஞ்செய்து தரும் ஆலோசகரும் இங்கே தோன்றிவிட்டனர். தன் மனச்சாட்சியைப் பிறரைக்கொண்டு எழுதுவிப்பதனினும் விந்தை உண்டோ?

ஆலோசகரை முற்றிலும் விலக்குக என்று நாம் கூறவில்லை. வெளியாருடைய கண் சிலபோது நாம் காணாததைக் காணும். ஆனால் அவர் ஆசிரியர் பேரவையின் முன் வந்து நின்று, தாம் எவற்றை எண்ணினார், எவற்றை விட்டார் என்பதற்கு விடையளித்தல் வேண்டும். எப்பாடம் நிலைக்கவேண்டும், எப்பாடம் நீங்கவேண்டும் என்ற முடிவு, நாளையும் அவ்வகுப்பறையில் இருக்கப்போகிறவர்களைக் கலந்தே செய்யப்படல் வேண்டும். அன்றியும், வெளியே செல்லும் புள்ளிவிவரம் ஒவ்வொன்றும், செல்லுமுன் ஒரு மாத காலமாவது, ஆசிரியரும் மாணாக்கரும் பார்த்துத் திருத்தஞ் சொல்லும்படி கல்லூரியிலேயே வைக்கப்படுதல் நலம். அதற்குப் புதிய கமிட்டியும் வேண்டா, பொருட்செலவும் வேண்டா. நூல் நிலையத்தில் பத்திரிகைகள் கிடக்கும் மேசையின் ஒரு மூலை போதும்.