பரண் மேல் கிடக்கும் கணினி: பயன்படுமா, பழைய இரும்பா?

மேலூர், உசிலம்பட்டி, வாடிப்பட்டி பக்கத்துக் கிராமங்களில் பல வீட்டுப் பரண்களில் ஒரு மடிக்கணினி கிடக்கிறது. மூடியில் அரசாங்க முத்திரை இருக்கும். அண்ணனோ அக்காளோ பள்ளியில் படித்த காலத்தில் வாங்கி வந்தது.

இப்பொழுது தங்கை பிளஸ் டூ படிக்கிறாள். "அது ஓடாது, புதுசு வேண்டும்" என்கிறாள். தகப்பனாரோ யாரிடம் கடன் கேட்பது என்று யோசிக்கிறார்.

அது உண்மையிலேயே ஓடாதா?

நின்றுபோன விநியோகம்

இலவச மடிக்கணினித் திட்டத்தை 2011 செப்டம்பர் 15-ந் தேதி அன்றைய முதல்-அமைச்சர் ஜெயலலிதா தொடங்கி வைத்தார். 2019-20 வரை 50 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவ, மாணவிகள் பெற்றார்கள். அதன் பின் விநியோகம் நின்றது. 2025 மார்ச் பட்ஜெட்டில் 20 லட்சம் பேருக்குக் கணினிச் சாதனம் என்று அறிவிப்பு வந்தது. ஆனால் அது கல்லூரி மாணவர்களுக்கு.

ஆகவே பள்ளியில் படிக்கும் தங்கைக்குப் பரணில் இருப்பதுதான் கதி.

வயதா, நோயா?

பழைய கணினி மெதுவாக ஓடுவதற்கு முக்கியக் காரணங்கள் இரண்டு. ஒன்று, உள்ளே சுழலும் ஹார்ட் டிஸ்க். மற்றொன்று, குறைந்த ராம். தொடக்க ஆண்டுகளில் வந்த பலவற்றில் 2 ஜி.பி. ராம்தான் உண்டு.

ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு, சுழலும் பாகமே இல்லாத எஸ்.எஸ்.டி. போட்டு, ராமை 4 ஜி.பி.யாக்கினால் வேகம் கூடிவிடும். செலவு, புதுக் கணினி விலையில் ஒரு சிறு பங்கே.

கிணற்று மோட்டாரில் காயில் கருகினால் மோட்டாரையா தூக்கி எறிகிறோம்? காயில் கட்டி ஓட்டுகிறோம். இதுவும் அப்படித்தான்.

விண்டோஸ் விவகாரம்

விண்டோஸ் 7-க்கான பாதுகாப்பு 2020 ஜனவரி 14-ந் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14 கடைசி நாள். பதிந்துகொள்வோருக்கு மட்டும் மேலும் ஓராண்டு. விண்டோஸ் 11-ஐ இந்தப் பழைய கணினிகள் ஏற்காது.

பாதுகாப்பு இல்லாத கணினியில் பாங்குக் கணக்கைத் திறப்பது, கதவைத் தாழிடாமல் தூங்குவதற்குச் சமம்.

இதற்கு வழி லினக்ஸ். காசு கிடையாது. அரசாங்கம் கொடுத்த கணினிகளிலேயே விண்டோஸுடன் 'பாஸ்' என்ற இந்திய லினக்ஸும் வந்தது. அதைத் திறக்காமலே விட்டவர்கள் உண்டு. பழைய பாஸ் இன்றைக்கு உதவாது. புதிய லினக்ஸ் ஒன்றைப் போட வேண்டும். எளிய வகைகள் பல இருக்கின்றன.

எதற்கு உதவும், எதற்கு உதவாது?

தமிழில் தட்டெழுத, கணக்கு அட்டவணை போட, பாட வீடியோ பார்க்க, பொறியியல் கலந்தாய்வுக்கும் அரசுக் கல்லூரிக்கும் விண்ணப்பிக்க, தேர்வாணைய விண்ணப்பம் நிரப்ப இது தாராளமாகப் போதும். ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் பிரவுசிங் சென்டரில் காத்துக் கிடக்க வேண்டாம்.

கல்யாண வீடியோ எடிட்டிங்குக்கு உதவாது. டாலியில் கணக்கு எழுதுவோருக்கு விண்டோஸ் அவசியம். அவர்கள் வேறு கணினி பார்ப்பதே நல்லது.

பாட்டரி செத்திருந்தாலும் சார்ஜரில் ஓட்டலாம். மின்சாரம் போனால் நின்றுவிடும், அவ்வளவுதான். பாட்டரி உப்பியிருந்தால் மட்டும் உடனே கழற்றிவிட வேண்டும். அது தீப்பிடிக்கக்கூடும்.

மதர்போர்டு போய்விட்டதென்றால் செலவு செய்வது வீண். அப்போதும் குப்பையில் போட்டுக் கொளுத்தக் கூடாது. மின்னணுக் கழிவை அங்கீகாரம் பெற்றவர்களிடமே சேர்க்க வேண்டும் என்பது 2023 ஏப்ரல் முதல் அமலில் உள்ள மத்திய அரசு விதி.

கடன் வாங்கப் புறப்படும் தகப்பனார், முதலில் அந்தக் கணினியைத் தூசி தட்டி, மதுரையில் பழுது பார்க்கும் கடை ஒன்றில் காட்டட்டும். அண்ணன் படித்த கணினியில் தங்கையும் படிக்கலாம்.