ஒரிஜினல் என்னும் மயக்கம்

விளையாட்டுக் கன்சோலைத் தயாரித்த நிறுவனமே வெளியிட்ட கன்ட்ரோலரைத் தவிர வேறெதையும் அதனுடன் இணைக்கலாகாது என்பதும், மீறி இணைத்தால் கன்சோல் பழுதாகும், பழுதாகாவிட்டாலும் ஆட்டம் கெடும், ஆட்டம் கெடாவிட்டாலும் வாரன்டி போய்விடும் என்பதும் பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ், நின்டெண்டோ ஸ்விட்ச் ஆகியவற்றை வைத்திருப்போரிடையே கேள்விக்கு அப்பாற்பட்ட பொதுவறிவாக நிலைபெற்றுள்ளன. கடைக்காரர் இதைச் சொல்கிறார். பிள்ளைக்கு முதல் கன்சோல் வாங்கித் தரும் பெற்றோரிடம் விவரம் தெரிந்த உறவினர் இதையே சொல்கிறார். கன்சோல் நிறுவனமோ தன் வாயால் எதையும் சொல்லாமலே பயனடைகிறது. இந்த நம்பிக்கை பொருளின் தரத்தையும் அதன்மேல் பொறித்த முத்திரையையும் ஒன்றெனக் கொள்கிறது. உரிமத் தொகை யாருக்குச் சென்றது என்பதை முத்திரை தெரிவிக்கும்; உள்ளே இருக்கும் உறுப்பு எத்தனை நாள் உழைக்கும் என்பதை அது தெரிவிப்பதில்லை.

நம்பிக்கை வெறும் காற்றிலிருந்து பிறந்ததன்று என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். 1980களிலும் 1990களிலும் வெளி நிறுவனங்கள் விற்ற கன்ட்ரோலர்களில் பெரும்பகுதி, விலையைக் குறைப்பதொன்றையே நோக்கமாகக் கொண்டவை. பட்டன்கள் அழுத்திய இடத்திலேயே சிக்கிக்கொண்டன, கேபிள் வேரோடு அறுந்தது, கையில் எடை என்று சொல்லத்தக்க ஒன்று இருக்கவில்லை. இருவர் ஆடும் வீட்டில் நல்லதை அண்ணன் வைத்துக்கொண்டு மற்றதைத் தம்பியிடம் தள்ளிவிடும் வழக்கம் அந்தக் காலத்தின் மிச்சம். ஆனால் அன்றைய அனுபவத்தை இன்றைய பொருளின்மேல் ஏற்றிச் சொல்வது, முப்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு தொழிலில் இருந்த நிலையை அத்தொழிலின் இயல்பு என்று கருதும் பிழையாகும்.

இதனினும் பெரிய குழப்பம், வெளி நிறுவனத் தயாரிப்பையும் டூப்ளிகேட்டையும் ஒரே கூடையில் போடுவதாகும். வெளி நிறுவனம் என்பது ஜப்பானின் ஹோரி, சீனாவின் எயிட்பிட்டோ போலத் தன் பெயரைத் தன் பொருளின்மேல் அச்சிட்டு, அதன் குறைக்குத் தானே பொறுப்பேற்கும் நிறுவனம்; 1969இல் தொடங்கப்பட்ட ஹோரி, இன்றைய கன்சோல்கள் எவையும் பிறப்பதற்கு முன்பே தொழிலில் இருந்தது. டூப்ளிகேட் என்பதோ பிளேஸ்டேஷனைச் செய்யும் சோனியின் பெயரையும் வடிவத்தையும் திருடி, அதன் கன்ட்ரோலரான டூயல்ஷாக்கின் பெயரிலேயே பெட்டிக்குள் அடைக்கப்பட்டு வரும் போலி. வாங்குபவர் முத்திரையைத் தவிர வேறெதையும் பார்க்கப் பழகாததே போலித் தொழிலின் முதலீடு. ஒரிஜினலை மட்டுமே வாங்குவேன் என்று உறுதி பூண்டு, அனலாக் ஸ்டிக் எந்த வகை, தயாரிப்பாளர் யார் என்று ஒரு முறையும் கேட்காதவர்தான் போலிக்காரருக்கு ஏற்ற வாடிக்கையாளர்.

இனி முத்திரைக்கு உள்ளே பார்க்கலாம். கட்டைவிரலால் எல்லாத் திசைகளிலும் சாய்க்கக்கூடிய சிறு தண்டே அனலாக் ஸ்டிக். அதன் அடியில் இரண்டு பொட்டென்ஷியோமீட்டர்கள் ஒன்றுக்கொன்று செங்குத்தாக அமைந்துள்ளன. ஒன்று இடம்-வலத்தையும் மற்றொன்று மேல்-கீழையும் அளக்கிறது. பொட்டென்ஷியோமீட்டர் என்பது கரிப்பூச்சுப் பூசிய வளைந்த தடமும், அதன்மேல் உரசிக்கொண்டு நகரும் மெல்லிய உலோக நாக்கும் சேர்ந்தது. நாக்கு நிற்கும் இடத்திற்கேற்ப மின்னழுத்தம் மாறுகிறது, அந்த மாற்றத்தை எண்ணாக்கித் தண்டு எவ்வளவு சாய்ந்துள்ளது என்பதைக் கன்சோல் அறிகிறது. உரசும் எதுவும் தேயும். ஆடுபவர் பெரும்பாலும் தண்டை முன்னோக்கியே தள்ளுவதால் தடத்தின் ஒரு பகுதி மற்றவற்றைவிட விரைவாகத் தேய்ந்து, உதிர்ந்த கரித்தூள் உள்ளேயே தங்கி, ஒருநாள் விரலே படாதபோதும் திரையிலுள்ள பாத்திரம் தானாக நடக்கத் தொடங்குகிறது. இதையே ட்ரிஃப்ட் என்கிறார்கள். நடுவிலிருந்து சிறு தூரம் வரையிலான சாய்வைக் கணக்கில் கொள்ளாமல் விடும் டெட் ஸோன் என்ற ஏற்பாடு சில காலம் அதை மறைக்கும்; தேய்மானம் அந்த எல்லையைக் கடந்ததும் மறைக்க ஒன்றுமிருக்காது.

பிளேஸ்டேஷன் 5இன் டூயல்சென்ஸ் கன்ட்ரோலரைப் பிரித்து 2021இல் ஆராய்ந்த ஐஃபிக்ஸிட் என்ற பழுதுநீக்க நிறுவனம், அதன் ஸ்டிக் உறுப்பு சோனி செய்தது அல்ல, ஆல்ப்ஸ் ஆல்பைன் என்ற ஜப்பானிய உதிரிபாக நிறுவனத்தினுடையது என்று காட்டியது. அதே வகை உறுப்பே எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலரிலும் ஸ்விட்சின் ப்ரோ கன்ட்ரோலரிலும் இருந்தது. ஒன்றையொன்று பரம வைரிகளாகக் கருதும் மூன்று நிறுவனங்களின் மூன்று ஒரிஜினல்களுக்குள்ளும், விரல் அதிகம் தொடும் அந்த ஒரு இடத்தில், நான்காவது நிறுவனத்தின் ஒரே சரக்கு இருந்திருக்கிறது. அந்த உறுப்பின் உத்தரவாத ஆயுள் இருபது லட்சம் சுழற்சிகள். கால் ஆஃப் டியூட்டி: வார்ஸோன் போன்ற ஆட்டத்தில் தண்டு எத்தனை முறை அசைகிறது என்று எண்ணி, அந்த ஆயுள் 417 மணி நேரத்தில் தீர்ந்துவிடக்கூடும் என்று ஐஃபிக்ஸிட் கணக்கிட்டது. நாளுக்கு இரண்டு மணி நேரம் ஆடுபவருக்கு அது ஏறக்குறைய ஏழு மாதம். அந்த எல்லையைத் தாண்டிய நொடியில் உறுப்பு செத்துவிடும் என்பதல்ல பொருள். அதற்குமேல் தயாரித்தவரே உறுதி சொல்வதில்லை என்பதே பொருள்.

நின்டெண்டோவின் கதை இன்னும் கசப்பானது. 2017 மார்ச்சில் ஸ்விட்சுடன் வந்த ஜாய்-கான் என்னும் சிறு கன்ட்ரோலர்களில், மெலிந்த உடலுக்கேற்ற வேறு வடிவ ஸ்டிக் இருந்தாலும், உரசும் தொடர்பே அங்கும் அடிப்படை. 2019இல் அமெரிக்காவில் கூட்டு வழக்கு தொடரப்பட்டது. 2020 ஜூனில் நின்டெண்டோவின் தலைவர் ஷுன்டாரோ ஃபுருகாவா, வாடிக்கையாளர்களுக்கு நேர்ந்த இடையூறுக்காகப் பங்குதாரர் கூட்டத்தில் வருத்தம் தெரிவித்தார். 2021 ஜனவரியில் ஐரோப்பிய நுகர்வோர் அமைப்பான பியூக், ஏறக்குறைய 25,000 பேரின் முறையீடுகளைத் திரட்டி ஐரோப்பிய ஆணையத்திடம் அளித்தபோது, அவர்களில் 88 விழுக்காட்டினரின் கன்ட்ரோலர் வாங்கிய இரண்டு ஆண்டுகளுக்குள் பழுதானதாகக் கூறியது. 2023இல், வாரன்டி முடிந்த பின்னும் ஐரோப்பாவில் இலவசமாகப் பழுது நீக்கித் தர நின்டெண்டோ இசைய வேண்டியதாயிற்று. வெளி நிறுவனக் கன்ட்ரோலர் ஒன்று இத்தகைய பெயரை ஈட்டியிருந்தால், அது அந்த நிறுவனத்தின் குறை என்று விடப்பட்டிருக்காது. வெளி நிறுவனங்கள் எல்லாமே இப்படித்தான் என்பதற்குச் சான்றாக இன்றுவரை எடுத்துக்காட்டப்பட்டிருக்கும். ஒரிஜினலின் குறை மட்டும் விதிவிலக்காகவே எண்ணப்படுகிறது.

தேயாத ஸ்டிக் செய்ய இயலாது என்று யாரும் வாதிட முடியாது. மின்னோட்டம் செல்லும் கடத்தியின் ஊடே காந்தப் புலம் சென்றால் குறுக்காக ஒரு மின்னழுத்தம் தோன்றும் என்பதை எட்வின் ஹால் 1879இல் கண்டறிந்தார். ஹால் விளைவு எனப் பாடநூல்கள் கற்பிப்பது இதுவே. தண்டின் அடியில் சிறு காந்தத்தையும் அதைத் தொடாத தூரத்தில் உணரியையும் வைத்தால், காந்தத்தின் நகர்வை உணரி அறியும். ஒன்றோடொன்று உரசாத இடத்தில் கரித்தூளுக்கு வழியில்லை. 1998இல் வெளிவந்த சேகா ட்ரீம்காஸ்டின் கன்ட்ரோலரில் இந்த முறையே இருந்தது. பின்வந்த பெரிய நிறுவனங்கள் அதைத் தொடரவில்லை. கைவிடப்பட்ட அந்த வழியை இந்தப் பத்தாண்டில் மீண்டும் எடுத்துப் பரவலாக்கியவை கூலிகிட், எயிட்பிட்டோ முதலிய வெளி நிறுவனங்கள்தாம். கூலிகிட்டின் கிங்காங் கன்ட்ரோலரும் எயிட்பிட்டோவின் அல்டிமேட் கன்ட்ரோலரும் 2022 வாக்கில் ஹால் ஸ்டிக்குடன் ஸ்விட்சுக்கு வந்துவிட்டன. இத்தனை வழக்குகளுக்கும் வருத்தத்துக்கும் பிறகு 2025 ஜூனில் வெளியான ஸ்விட்ச் 2இன் ஜாய்-கான்களில் இருப்பது ஹால் ஸ்டிக் அல்ல என்று நின்டெண்டோவின் அமெரிக்கக் கிளை அதிகாரியே முன்கூட்டித் தெரிவித்தார். ஹால் ஸ்டிக்கும் அமரப் பொருளன்று, அதன் ஸ்பிரிங் தளரும், நடுநிலை சிறிது விலகும்; ஆயினும் ட்ரிஃப்டின் முதற்காரணத்தை நீக்கியவர் யார், வைத்துக்கொண்டவர் யார் என்ற கணக்கு மறைப்பதற்கில்லை.

கன்சோலே பழுதாகிவிடும் என்ற அச்சத்துக்கு ஒரு மெய்யான நிகழ்வு ஆதாரமாகக் காட்டப்படுகிறது. 2018 மார்ச்சில் ஸ்விட்சின் 5.0 மென்பொருள் புதுப்பிப்புக்குப் பின், வெளி நிறுவன டாக் சிலவற்றில் பொருத்தப்பட்ட கன்சோல்கள் உயிரற்றுப்போயின. ஆனால் டாக் என்பது கன்சோலைத் தொலைக்காட்சியோடு இணைப்பதுடன் அதற்கு மின்சாரத்தையும் ஊட்டும் பீடம். ஊட்டும் அளவு பிசகினால் கன்சோல் எரியலாம். கன்ட்ரோலரோ மின்சாரத்தை வாங்குவது, தருவதன்று. யுஎஸ்பி கேபிளில் கன்சோலிடமிருந்து 5 வோல்ட்டைப் பெற்று, எந்தப் பட்டன் அழுத்தப்பட்டது என்ற செய்தியைத் திருப்பி அனுப்புவதோடு அதன் வேலை முடிகிறது. புளூடூத்தில் இயங்குவதற்கு மின்தொடர்பே கிடையாது. சார்ஜரையும் டாக்கையும் பற்றிய எச்சரிக்கை நியாயமானது, அதைக் கன்ட்ரோலரின் தலையில் கட்டுவது நியாயமன்று.

வாரன்டி பற்றிய மிரட்டலுக்கு நீண்ட பதில் தேவையில்லை. குறிப்பிட்ட நிறுவனத்தின் துணைப்பொருளையே பயன்படுத்த வேண்டும் என்று வாரன்டிக்கு நிபந்தனை விதிப்பதை அமெரிக்காவின் 1975ஆம் ஆண்டு மேக்னசன்-மாஸ் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. 2018 ஏப்ரலில் அந்நாட்டின் கூட்டாட்சி வணிக ஆணையம் இத்தகைய வாசகங்களுக்காக ஆறு நிறுவனங்களை எச்சரித்துக் கடிதம் அனுப்பியது. சோனி, மைக்ரோசாஃப்ட், நின்டெண்டோ மூன்றும் அந்த ஆறில் அடக்கம். இந்தியாவில் ஸ்விட்ச் வைத்திருப்பவரின் நிலை வேறு வகையில் வேடிக்கையானது: அது இங்கே நின்டெண்டோவின் நேரடி விற்பனையின்றி இறக்குமதியாகவே கைமாறி வந்துள்ளதால், இழந்துவிடுவோம் என்று அவர் அஞ்சும் வாரன்டி பெரும்பாலும் அவர் கையில் இல்லாத ஒன்று.

வெளி நிறுவனக் கன்ட்ரோலர் சில இடங்களில் இயங்குவதில்லை என்பது உண்மையே. அது ஏன் என்பதில்தான் நம்பிக்கை தடம் மாறுகிறது. 2023 நவம்பர் 12 முதல், தன் அனுமதி பெறாத துணைப்பொருட்களை எக்ஸ்பாக்ஸ் ஏற்காது என்று மைக்ரோசாஃப்ட் முடிவு செய்தது. அத்தகைய கன்ட்ரோலரை இணைத்தவருக்குத் திரையில் பிழைக் குறியீடும் இரண்டு வாரக் கெடுவும் தோன்றின. அதற்கு முந்தைய நாள் வரை நன்றாக இயங்கிய பொருட்களில் ஒரு கம்பியும் கெடவில்லை, அனுமதிப் பட்டியலில் அவை இல்லை என்பதே குற்றம். அடாப்டர் வழியே ஆடிவந்த சண்டை விளையாட்டுக்காரர்களும், தங்கள் உடலுக்கேற்பச் செய்துகொண்ட கருவிகளை நம்பியிருந்த மாற்றுத்திறனாளிகளும் இதனால் கலங்கினர். இத்தனைக்கும் 2018இல் அதே மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட எக்ஸ்பாக்ஸ் அடாப்டிவ் கன்ட்ரோலரின் பின்புறத்தில் 3.5 மில்லிமீட்டர் துளைகள் 19 உள்ளன. யார் செய்த சுவிட்சையும் அவற்றில் செருகி, காலாலோ முழங்கையாலோ தலையசைவாலோ ஆடலாம் என்பதே அதன் வடிவமைப்பின் மையம். எல்லாக் கைகளுக்கும் ஒரே கன்ட்ரோலர் பொருந்தாது என்பதை அந்நிறுவனம் அறியாமலில்லை. சோனியின் நிலையும் இதற்கு இணையானதே: பிளேஸ்டேஷன் 5 ஆட்டங்களை அதே சோனியின் டூயல்ஷாக் 4ஐக் கொண்டு அக்கன்சோலில் ஆட முடியாது, பிளேஸ்டேஷன் 4 ஆட்டங்களுக்கு மட்டுமே அது ஏற்கப்படும். அங்கே மறுக்கப்படுவது அயலாரின் பொருளல்ல, தன் பழைய பொருள்.

வெளி நிறுவனக் கன்ட்ரோலர்களில் குறையே இல்லை என்று கூறுவது இன்னொரு மூடநம்பிக்கையாகும். டூயல்சென்ஸின் விசைவில்லில் விரலை எதிர்த்து இறுகும் அடாப்டிவ் ட்ரிக்கரையும் நுண்ணிய அதிர்வையும் பிற நிறுவனத்தாரின் உயர்விலைக் கன்ட்ரோலர்களில்கூடப் பெரும்பாலும் காண முடியாது. ஸ்விட்சுக்கான சிலவற்றால் உறங்கும் கன்சோலை எழுப்ப இயலாது, சிலவற்றில் நின்டெண்டோவின் அமீபோ பொம்மைகளைப் படிக்கும் வசதி இல்லை. இந்தக் குறைகளைப் பெயர் சொல்லி எடைபோட்டு, தனக்கு எது தேவையோ அதை வாங்குபவர் சரியாகவே செய்கிறார். கதை நிறைந்த சாகச ஆட்டங்களை விரும்புபவர் டூயல்சென்ஸைத் தேர்ந்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை. சண்டை விளையாட்டுப் போட்டிகளில் தோற்றால் பரிசை இழக்கும் ஆட்டக்காரர்களோ நெடுங்காலமாக ஜப்பானின் சன்வா டென்ஷி செய்யும் நெம்புகோலும் 30 மில்லிமீட்டர் பட்டன்களும் பொருத்திய பெட்டிகளை விரும்பி வந்துள்ளனர். துல்லியத்தையே பிழைப்பாகக் கொண்டவர்கள் கன்சோல் நிறுவனத்தின் முத்திரைக்குக் கொடுக்கும் மதிப்பு அவ்வளவுதான்.

2023 ஜனவரியில் 199.99 டாலர் விலையில் வந்த டூயல்சென்ஸ் எட்ஜில், தேய்ந்த ஸ்டிக்கை வீட்டிலேயே கழற்றி மாற்றலாம். மாற்று ஸ்டிக்கைச் சோனியே 19.99 டாலருக்கு விற்கிறது. ஸ்டிக் தேய்ந்து தீரும் பொருள் என்பதைத் தயாரிப்பாளரே விலைப்பட்டியலில் ஒப்புக்கொண்ட இடம் அது. சாதாரண டூயல்சென்ஸ் வாங்கியவருக்கு அந்த வசதி இல்லை; அவருடைய ஸ்டிக் பதினான்கு கால்களால் பலகையோடு பற்றவைக்கப்பட்டுள்ளது. ட்ரிஃப்ட் கண்ட பின் அவர் கன்ட்ரோலரைப் பழுதுபார்ப்பவரிடம் கொண்டுசெல்ல, பழுதுபார்ப்பவர் பதினான்கு கால்களையும் ஈயம் உருக்கி விடுவித்து, வெளி நிறுவனம் ஒன்று செய்த ஹால் ஸ்டிக்கை அந்த இடத்தில் பற்றவைத்து, அதே ஓட்டுக்குள் மூடித் தருகிறார். உரிமையாளர் அதன் பிறகும் அதை ஒரிஜினல் என்றே சொல்லிக்கொள்கிறார்.