மக்காச்சோளக் குருத்து வெளுப்பது ஏன்? களைக்கொல்லியைப் பயிர் சமாளிக்கும் விதம்

மக்காச்சோளத்துக்கு மவுசு கூடியிருக்கிறது. கரும்புச்சாற்றிலிருந்து எத்தனால் தயாரிக்க 2023 டிசம்பரில் மத்திய அரசு கட்டுப்பாடு விதித்ததும் வடிசாலைகள் மக்காச்சோளத்தின் பக்கம் திரும்பின. கோழித்தீவனத் தேவை எப்போதும் போல இருக்கிறது. 2025-26 பருவத்துக்கு குவிண்டாலுக்கு 2,400 ரூபாய் என ஆதரவு விலையும் அறிவிக்கப்பட்டது. பெரம்பலூர், அரியலூர் பக்கம் மானாவாரியாக விதைப்பவர்களுக்கு இதெல்லாம் நல்ல செய்திதான். ஆனால் களையெடுக்க ஆள் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் கூலி கட்டுபடியாவதில்லை. ஆகவே களைக்கொல்லி.

சிக்கல் விதைத்த 15 முதல் 25 நாளுக்குள் வருகிறது. களை முளைத்தபின் தெளிக்கும் மருந்துக்கு அதுதான் பருவம். 2018-ல் நம் நாட்டுக்குள் வந்த படைப்புழு குருத்துக்குள் இறங்குவதும் அதே நாட்களில்தான். இரண்டு வேலைக்கும் இரண்டு முறை தெளிப்பாள் கூலி தருவானேன் என்று களைக்கொல்லியையும் பூச்சிக்கொல்லியையும் ஒரே டேங்கில் கலந்து அடித்துவிடுகிறார்கள். ஒரு வாரத்தில் குருத்து வெளுக்கிறது. விதை போலியா, மருந்து கலப்படமா என்று சந்தேகம் கிளம்புகிறது. உண்மையான காரணம் பெரும்பாலும் அந்தக் கலவையிலேயே இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள, இலைக்குள் நடப்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

இலையின் பச்சையம் நாள் முழுக்க வெயிலை வாங்கி உணவாக மாற்றுகிறது. வாங்கும் வெயிலெல்லாம் உணவாகிவிடாது. மிஞ்சும் ஆற்றல் பக்கத்தில் உள்ள ஆக்சிஜனில் ஏறினால், அந்த ஆக்சிஜன் இலைச்சவ்வையே அரிக்கத் தொடங்கும். இதைத்தான் ஆக்சிஜனேற்ற அழுத்தம் என்கிறோம். களைக்கொல்லி இல்லாத வயலிலும் இது தினமும் நடப்பதுதான். அதற்காகவே இலை சில காவலர்களை வைத்திருக்கிறது. கரோட்டினாய்டு என்னும் மஞ்சள் நிறமிகள் மிஞ்சிய ஆற்றலை வாங்கி வெப்பமாக வெளியேற்றும். வைட்டமின் ஈ சவ்வுக்குக் காவல். அதையும் மீறி உண்டாகும் சூப்பராக்சைடை ஒரு நொதி ஹைட்ரஜன் பெராக்சைடாக மாற்றும். பிறகு வைட்டமின் சி-யும் குளூட்டாதயோன் என்ற கந்தகச் சேர்மமும் சேர்ந்து அதை வெறும் தண்ணீராக்கிவிடும்.

களைக்கொல்லிகள் பல இந்த ஏற்பாட்டைக் குலைத்துத்தான் களையைக் கொல்கின்றன. அட்ரசினை எடுத்துக்கொள்ளுங்கள். ஒளிச்சேர்க்கையில் எலக்ட்ரான் ஓடும் பாதையை அது அடைத்துவிடும். உணவு தயாரிப்பு நின்றுபோய்ச் செடி பட்டினியால் சாகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். பட்டினிக்கு அவ்வளவு சீக்கிரம் செடி சாகாது. போக வழியில்லாத வெயில் ஆற்றல் ஆக்சிஜனில் ஏறி இலையைக் கருக்குகிறது. களை சாவது அதனால்தான். டெம்போட்ரையோன் வேறு வழியில் வருகிறது. கரோட்டினாய்டும் வைட்டமின் ஈ-யும் உருவாகத் தேவையான ஒரு நொதியை முடக்கி, காவலர்களையே இல்லாமல் செய்துவிடுகிறது. காவல் இல்லாத பச்சையம் வெயிலில் சிதையும். புதிதாக வரும் இலை வெள்ளையாக வருவது இதனால்தான். இரண்டையும் சேர்த்து அடித்தால் களை தப்புவது கடினம்: ஒன்று தீ மூட்டுகிறது, மற்றொன்று தண்ணீர்த் தொட்டியை உடைக்கிறது.

அப்படியானால் மக்காச்சோளம் மட்டும் எப்படிப் பிழைக்கிறது? அட்ரசின் இலைக்குள் நுழைந்ததும் அதன் மீது குளூட்டாதயோனை ஒட்டிச் செயலிழக்கச் செய்யும் நொதி மக்காச்சோளத்தில் ஏராளமாக உண்டு. டெம்போட்ரையோனை சைட்டோகுரோம் பி450 என்னும் வேறொரு நொதிக் குடும்பம் உடைத்துப் போடுகிறது. உளுந்து, தட்டைப்பயறு போன்றவற்றில் அட்ரசினைக் கட்டும் திறன் போதாது. ஊடுபயிராகப் பயறு போட்டிருந்தால் அட்ரசின் வேண்டாம் என்று சொல்வது இதனால்தான். அங்கே விதைத்தவுடன் பெண்டிமெத்தலின் போடலாம்.

இப்போது கலவைக்கு வருவோம். குளோர்பைரிபாஸ், புரோபனோபாஸ் போன்ற ஆர்கனோபாஸ்பரஸ் மருந்துகள் புழுவைக் கொல்வதோடு நிற்பதில்லை. பயிரின் பி450 நொதிகளையும் மடக்கிவிடுகின்றன. டெம்போட்ரையோனை உடைக்க வேண்டிய நொதி கட்டுண்டு கிடக்கும்போது, களைக்கு நேர்வதே பயிருக்கும் நேர்கிறது. அளவைக் கூட்டாமலே இரட்டிப்பு அளவு அடித்த மாதிரி. நல்ல விதை, நல்ல மருந்து, சரியான அளவு எல்லாம் இருந்தும் குருத்து வெளுக்கும். மிச்சப்படுத்திய ஒரு நாள் தெளிப்புக் கூலி விளைச்சலில் கழிந்துவிடும்.

ஆகவே இந்த வகைப் பூச்சிக்கொல்லிக்கும் டெம்போட்ரையோனுக்கும் இடையே, எது முன்னால் அடித்தாலும், குறைந்தது ஒரு வாரம் விடுங்கள். படைப்புழுவுக்கு இந்த வகை மருந்தே தேவையில்லை என்பது என் கருத்து. இளங்குருத்துப் பருவத்தில் எமாமெக்டின் பென்சோயேட் லிட்டருக்கு 0.4 கிராம் அல்லது குளோரான்ட்ரனிலிபுரோல் லிட்டருக்கு 0.4 மில்லி நன்றாகவே கேட்கிறது. அதையும் தனி டேங்கில், தனி நாளில், குருத்துக்குள் இறங்கும்படி அடியுங்கள். களைக்கொல்லிக்குத் தட்டைவிசிறி முனை வேண்டும். புழு மருந்து குருத்தில் போய் விழ வேண்டும். ஒரே நடையில் இரண்டும் ஒழுங்காக நடக்காது. இதைவிடச் சுலபமான வழி விதைநேர்த்தி. சயான்ட்ரனிலிபுரோலும் தயாமீத்தாக்சமும் கலந்த மருந்தைக் கிலோ விதைக்கு 4 மில்லி கலந்து விதைத்தால் முதல் இரண்டு வாரமாவது புழு அடங்கியிருக்கும். இரண்டு தெளிப்பும் ஒரே நாளில் வந்து மோதாது.

டெம்போட்ரையோன் ஏக்கருக்கு 115 மில்லி, அதோடு கொடுக்கும் ஒட்டுதிரவத்துடன். இது எக்டேருக்கு 120 கிராம் மூலப்பொருள் கணக்கு. "கோரைக்குக் கொஞ்சம் கூட்டிப் போடுங்கள்" என்று கடையில் சொன்னால் கேட்காதீர்கள்.

அடிக்கும் நாளில் பயிரின் நிலையும் முக்கியம். அட்ரசினைக் கட்டவும் பெராக்சைடைத் தணிக்கவும் ஒரே குளூட்டாதயோன்தான் செலவாகிறது. வாடிக்கிடக்கும் பயிரிலும் தண்ணீர் தேங்கி மஞ்சளடித்த பயிரிலும் அது ஏற்கெனவே வேறு வேலையில் கரைந்திருக்கும். மண்ணில் ஈரம் இருக்கும்போது, காலையிலோ மாலையிலோ தெளியுங்கள். கந்தகம் இல்லாமல் குளூட்டாதயோன் இல்லை. சூப்பராக்சைடைத் தணிக்கும் நொதிகளில் ஒன்றுக்குத் துத்தநாகம் வேண்டும். மண் பரிசோதனையில் இவை குறைவென்று வந்தால் அடியுரத்திலேயே சரிசெய்துவிடுங்கள்.

துத்தநாகக் குறையும் இலையை வெளுக்கவைக்கும் என்பதால் குழப்பம் வருவது இயல்பு. துத்தநாகக் குறையில் நடுநரம்பின் இருபுறமும், இலையின் அடிப்பாகத்தில், அகலமான வெளிர் பட்டை தெரியும். வயலில் திட்டுத்திட்டாக இருக்கும். களைக்கொல்லி அடித்த நாளுக்கும் அதற்கும் தொடர்பிருக்காது. களைக்கொல்லி வெளுப்பு, தெளித்த சில நாட்களில் குருத்து இலைகளில் வரும். தெளிப்பாள் திரும்பும் வரப்போரத்திலும் மருந்து இருமுறை விழுந்த இடத்திலும் கூடுதலாக இருக்கும்.

ஏற்கெனவே வெளுத்துவிட்டதா? ஒரு செடியைப் பிடுங்கித் தண்டை நெடுக்காகக் கீறிப் பாருங்கள். உள்ளே வளர்நுனி வெள்ளையாக, கெட்டியாக இருந்தால் பயிர் பிழைத்துவிடும். இரண்டு வாரத்தில் பச்சை இலை தள்ளும். அதுவரை லேசான பாசனம் போதும். அந்த நாட்களில் "டானிக்" என்று கொடுக்கும் பாட்டில்களால் வெளுத்த இலை பச்சையாகாது. நுனி பழுப்பாகிக் குழைந்திருந்தால் அந்த இடத்தில் மறுவிதைப்பைப் பற்றி யோசியுங்கள்.

இனிப்பு மக்காச்சோளம் போடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. அதன் சில ரகங்களில் இந்த பி450 நொதியின் மரபணுவே பழுதாக இருக்கிறது. அங்கே எந்தக் கலவையும் இல்லாமலே டெம்போட்ரையோன் சுடும். விதை வாங்கும்போதே அந்த ரகம் தாங்குமா என்று கேளுங்கள். தெளிவான பதில் இல்லையென்றால் முதலில் நான்கு வரிசையில் மட்டும் அடித்து, பத்து நாள் பார்த்துவிட்டு மீதி வயலில் இறங்குங்கள்.