எண்ணுக்குச் சாதியில்லை

வங்கியில் வாகனக் கடன் தாள்களில் வண்டி எண்களை எழுதுகிறவன் நான். 32 என்றால் விழுப்புரம், 16 என்றால் திண்டிவனம். வெளியூரில் அந்த எண்ணைப் பார்த்தால் 'நம்ம ஊரு வண்டி' என்று மனசு துள்ளும். ஆனால் ஊரா சேரியா என்று எண் தகடு சொல்வதில்லை. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் கண்ணாடியில் சாதிப் பட்டத்தை ஒட்டிக்கொள்கிறார்கள்.

தோழர்களே, 1997ஐ மறந்துவிடக் கூடாது. விருதுநகரில் புதிய அரசுப் போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயர் வைக்கப்பட்டது. அந்தப் பேர் எழுதிய பஸ்சில் ஏறமாட்டோம் என்றார்கள் சாதி இந்துக்கள். கலவரம் வெடித்தது. அரசு என்ன செய்தது? எல்லாக் கழகங்களின் பெயர்களையும், மாவட்டங்களுக்கு வைத்த தலைவர்கள் பெயர்களையும் நீக்கியது. விழுப்புரம் பஸ்களிலிருந்து தந்தை பெரியாரும் இறங்கினார்.

இதற்குப் பேர் நடுநிலையாம்! சேரன், சோழன், பாண்டியன் பேரில் ஓடிய பஸ்களில் நம் சனம் காசு கொடுத்து ஏறவில்லையா? நம் பேர் ஒன்று வந்ததும் பலகையையே அழித்தார்கள்.

போன மாதம் கடனில் ஆட்டோ எடுத்த சேரித் தம்பி கேட்டான்: "அண்ணே, அம்பேத்கர் படம் ஒட்டுனா ஊர்த்தெரு சவாரி போயிடுமா?"

"ஒட்டுடா" என்றேன். சொல்வது எனக்குச் சுலபம். தவணை கட்டுகிறவன் அவன். அவன் ஆட்டோவில் ஊர்த்தெரு ஏறுகிற நாள்வரை, அந்தத் தவணையில் நமக்கும் பங்கிருக்கிறது.