நாளைய பத்திரிகையும் நமது காணியும்

நாளைக்கு அச்சாக வேண்டிய பத்திரிகை இன்று காலையே ஒருவன் கையிற் கிடைத்தால் அவன் என்ன செய்வான்? மேல்நாட்டுக் கற்பனையாளர் நெடுங்காலமாக எழுப்பிவரும் வினா இது. விஞ்ஞானக் கதைகளின் முன்னோடிகளுள் ஒருவரான எச். ஜி. வெல்ஸ் 1932இல் எழுதிய சிறுகதையொன்றில், இலண்டன்வாசி ஒருவருக்கு 1971ஆம் ஆண்டின் மாலைப் பத்திரிகை வந்து சேர்கிறது. 1967இல் ஒளிபரப்பான ‘ஸ்டார் ட்ரெக்’ என்னும் விண்வெளித் தொடரின் ஓர் அத்தியாயத்தில், ஒரே பெண்ணைப் பற்றி இருவேறு பத்திரிகைச் செய்திகள் தோன்றுகின்றன. ஒன்றின்படி அவள் 1930இல் வீதி விபத்தில் மாண்டுபோகிறாள். மற்றதன்படி 1936இல் அமெரிக்க சனாதிபதியோடு உரையாடுகிறாள். எந்தச் செய்தி மெய்யாகும் என்பது மனிதர் செய்யும் செயலைப் பொறுத்தது என்பதே அக்கதையின் முடிச்சு.

இவ்வெண்ணத்தை முழுத்தொடராகவே விரித்தது 1996 முதல் 2000 வரை அமெரிக்காவில் ஓடிய ‘ஏர்லி எடிஷன்’. சிக்காகோ நகரில் வாழும் கரி ஹொப்சன் என்னும் சாதாரண மனிதனின் வாசலுக்கு, ஒவ்வொரு நாட் காலையிலும் மறுநாளைய ‘சிக்காகோ சன்-டைம்ஸ்’ வந்து விழுகிறது. அது கற்பனைப் பத்திரிகையன்று. 1948 முதல் அந்நகரில் உண்மையாகவே வெளிவரும் நாளேடு. குதிரைப் பந்தயத்தில் எது வெல்லும், பங்குச் சந்தையில் எது ஏறும் என்பதெல்லாம் அதில் அச்சாகியிருக்கின்றன. பொருள் குவிக்கலாம் என்கிறான் நண்பன். கண்பார்வையற்ற தோழியொருத்தியோ, துன்புறப்போகும் மனிதரைக் காப்பதே அதன் பயன் என்கிறாள். அவள் காட்டிய வழியிலேயே அவனும் செல்கிறான். விபத்து நிகழுமுன் அவன் அங்கே போய் நின்று தடுத்துவிட்டால், கையிலிருக்கும் பத்திரிகையில் அச்செய்தி மாறிவிடுகிறது!

‘வானத்தை வில்லாக வளைக்கும் இந்தக் கதை நெடுங்கேணிக் கமக்காரனுக்கு எதற்கு?’ என்று வாசகர் கேட்கலாம். கேட்பது நியாயமே. ஆயின், நாளைய பத்திரிகையைப் படிக்கும் வித்தை வன்னியானுக்குப் புதியதன்று. குளத்து நீர்மட்டத்தைப் பார்த்து, சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்று ஊர்கூடித் தீர்மானிக்கிறானே, அது எதிர்காலத்தைப் படிக்கும் செயலன்றி வேறென்ன? மழை வந்தபின் குளக்கட்டைத் திருத்தப் புறப்படுகிறவனை ஊர் எள்ளி நகையாடும். வெள்ளம் வருமுன் அணை போடவேண்டும் என்பது இந்த மண்ணில் நாள்தோறும் நடக்கும் காரியம்.

குளத்து நீரைப் படிக்கத் தெரிந்த நாம், கடதாசியில் வரும் நாளையைப் படிக்கத் தவறிவிட்டோம் என்பதே நமது வழக்கு.

2004ஆம் ஆண்டு திசெம்பர் 26ஆம் திகதியை எண்ணிப் பாருங்கள். சுமாத்திராவின் அருகே கடலடி நிலம் அதிர்ந்தது. அலை நம் கீழைக்கரையை அடைய ஒன்றரை மணி நேரத்துக்கு மேலாயிற்று. அந்த ஒன்றரை மணி நேரமும் நாளைய செய்தி உலகில் இருந்தது. தூரதேசத்துக் கருவிகளில் அதிர்ச்சி பதிவாகியிருந்தது. ஆயினும் முல்லைத்தீவுக் கரையில் நின்றவனுக்கு அதைச் சொல்ல ஆளில்லை. இத்தீவில் மாத்திரம் 30,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். செய்தி எங்கோ இருந்தாற் போதாது. உரியவன் கைக்கு, உரிய வேளையில், உரிய மொழியில் வந்து சேரவேண்டும்.

அது இயற்கையின் சீற்றம். மனிதர் எழுதி, கையொப்பமிட்டு, அச்சிட்டு வெளியிடும் நாளைய பத்திரிகையொன்றும் இந்நாட்டில் உண்டு. அதற்கு வர்த்தமானி என்று பெயர். 1802 முதல் வெளிவரும் பழம்பத்திரிகை அது. மற்றைய பத்திரிகைகள் நடந்ததை எழுதும். வர்த்தமானியோ நடக்கப்போவதை எழுதும். எந்த நிலம் எவருக்கு, எந்தக் காடு எந்தத் திணைக்களத்துக்கு, எந்த உரிமை எந்த நாளோடு முடிகிறது என்பதெல்லாம் முன்கூட்டியே அதில் அச்சாகின்றன.

2025ஆம் ஆண்டு மார்ச் 28ஆம் திகதி அவ்வாறான ஓர் அறிவித்தல் வந்தது. 1931ஆம் ஆண்டின் காணி நிர்ணயக் கட்டளைச் சட்டத்தின் கீழ், யாழ்ப்பாணம், முல்லைத்தீவு, கிளிநொச்சி, மன்னார் ஆகிய 4 மாவட்டங்களிலும் ஏறத்தாழ 5,940 ஏக்கர் நிலத்துக்கு உரிமை கோருவோர் 3 மாதத்துள் கோரவேண்டும். கோராவிடின் அது அரச காணியாகும் என்பது அதன் சாரம். யாரைப் பார்த்து இந்தக் கேள்வி? 2008, 2009 ஆண்டுகளில் உடுத்த உடையோடு ஊர்விட்டு ஊர் ஓடி, உறுதியையும் அனுமதிப் பத்திரத்தையும் வழியிலே இழந்த மக்களைப் பார்த்து! கடல்கடந்து வாழ்வோரைப் பார்த்து! மண்ணுக்குள் போய்விட்டோரைப் பார்த்து!

அந்த நாளைய பத்திரிகையைச் சிலர் படித்தார்கள். படித்தவர்கள் சும்மா இருக்கவில்லை; எதிர்ப்புக் குரல் எழுப்பினார்கள், நீதிமன்றத்தை நாடினார்கள். மீளப்பெறும் முடிவை அரசாங்கம் அறிவித்தது. 2025 ஜூன் 27ஆம் திகதி உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. 3 மாத அவகாசம் முடிய ஒரு நாளே எஞ்சியிருந்தது. சிக்காகோக் கதாநாயகனும் இவ்வளவு நெருக்கடியில் ஓடியிருப்பானோ என்பது ஐயமே!

‘தப்பினோம், இனி என்ன பயம்?’ என்பாரும் உளர். ‘வவுனியா மாவட்டம் அந்தப் பட்டியலில் இல்லையே’ என்று ஆறுதல் கொள்வாரும் உளர். நெடுங்கேணியிலிருந்து ஒட்டுசுட்டான் வீதியிற் சிறிது தூரம் சென்றாலே முல்லைத்தீவு மாவட்டம் வந்துவிடும். அயல்வீட்டுக் கூரையில் தீப்பிடித்தபோது நம் வீட்டு இலக்கம் வேறு என்று உறங்குவது அறிவுடைமையாகாது. தடுக்கப்பட்டது ஓர் அறிவித்தல். அச்சட்டம் இன்னும் ஏட்டில் இருக்கிறது. 2024 மகா சிவராத்திரியன்று வெடுக்குநாறி மலைக்கு வழிபடச் சென்றோர் கைதான செய்தியை நடந்தபின் படித்தோம், கொதித்தோம், கண்டன ஊர்வலம் போனோம். கொதிப்பு நியாயமானது. ஆனால் நடந்தபின் கொதிப்பதையே தொழிலாகக் கொண்ட இனம் எத்தனை காலம் தாங்கும்?

பத்திரிகையின் வலிமையை நம்மைவிட நன்கறிந்தவர் நம் பகைவரே. அதனாலன்றோ 1981இல் யாழ் நூலகம் எரிந்த நாட்களில் ‘ஈழநாடு’ பணிமனையும் எரிக்கப்பட்டது! 2006 மே 2ஆம் திகதி ‘உதயன்’ அலுவலகத்துட் புகுந்து ஊழியர் இருவரைச் சுட்டுக் கொன்றதும், 2013 ஏப்பிரலில் அதன் கிளிநொச்சி அலுவலகத்தைத் தாக்கியதும் அதனாலன்றோ! படிக்கும் சனத்தைக் கண்டு அஞ்சுகிறவன் பத்திரிகையைக் கொளுத்துகிறான். படிக்க வாய்ப்பிருந்தும் படியாதவனுக்கு எவனும் தீ வைக்கத் தேவையில்லை.

ஆகவே நாம் வேண்டுவன மூன்று.

முதலாவது, ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வெளிவரும் வர்த்தமானியையும், இடைநாட்களில் வரும் அதிவிசேட வர்த்தமானிகளையும் ஊர் வாசிகசாலைகளில் உரத்து வாசிக்கவேண்டும். ஒருவர் வாசிக்கப் பலர் கேட்கும் பழக்கம் நம் முன்னோர் வைத்துப்போன சொத்து. இரண்டாவது, சட்டத்தரணிகளும் ஆசிரியர்களும் நில அளவையாளரும் மாதத்தில் ஒரு நாளையேனும் கமக்காரர் அமைப்புகளுக்கு ஒதுக்கி, அந்த அறிவித்தல்களின் பொருளை விளக்கவேண்டும். கமக்காரன் விளைத்த சோற்றில் படித்தவர்கள் அவனுக்குச் செலுத்தும் கடன் இது. மூன்றாவது, ஒவ்வொரு குடும்பமும் தன் காணிப் பத்திரங்களின் பிரதிகளை இன்றே எடுத்து வைக்கவேண்டும். இழந்தவர்கள் மறுபிரதிக்கு இன்றே விண்ணப்பிக்கவேண்டும். அடுத்த அறிவித்தல் வரும்வரை காத்திருப்பது, குளம் உடைந்தபின் மண்வெட்டி தேடுவதற்கு ஒப்பாகும்.

அரசாங்கத்திடமும் ஒன்று கேட்கிறோம். ஒருவனுடைய காணியின் தலைவிதியை அச்சிடும் அறிவித்தலை, அவன் மொழியில், அவன் ஊர்க் கிராம அலுவலர் வாயிலாக, அவன் வாசலில் சேர்ப்பது அரசின் கடமை. கொழும்பில் அச்சிட்டதாலேயே ஒலுமடுவில் அறிவித்ததாகிவிடும் என்பது நீதியன்று.

கதையில் நாளைய பத்திரிகை ஒரு மனிதனுக்கே வந்தது. அதனால் அவன் தனியே ஓடினான், தனியே களைத்தான். நமக்கோ அது எல்லோருக்கும் வருகிறது. நெடுங்கேணி வாசிகசாலையில் வரும் வெள்ளிக்கிழமை அதை விரித்து வைத்து உரத்து வாசிப்பவர் யார்?