கள்ளன் கேட்கிறான், நாம் கொடுக்கிறோம்!

எங்கள் தெருவில் ஒரு வீடு. அந்த வீட்டுப் பையன் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

"உடம்புக்கு என்னடா?" என்று தாய் கேட்டாள். பதில் இல்லை. "பள்ளிக்கூடத்தில் சண்டையா?" என்று தகப்பனார் கேட்டார். அதற்கும் பதில் இல்லை. மூன்றாம் நாள் பாட்டியின் மடியில் விழுந்து அழுதான்.

"பாட்டி, என் கணக்கைத் திருடிவிட்டார்கள்!"

பாட்டிக்கு ஒன்றும் புரியவில்லை. "கணக்கை எப்படியடா திருடுவார்கள்?" என்று கேட்டாள்.

நல்ல கேள்வி. பிள்ளை பெற்ற ஒவ்வொருவரும் கேட்க வேண்டிய கேள்வி.

எது கணக்கு?

செல்போனில் விளையாடுகிற பிள்ளைக்கு அந்த விளையாட்டில் ஒரு பெயர் உண்டு. அதைக் காக்க ஒரு ரகசியச் சொல் உண்டு. அதைத்தான் பாஸ்வேர்டு என்கிறார்கள். பெயரும் பாஸ்வேர்டும் சேர்ந்தால் கணக்கு. ஜெயித்த பட்டங்கள், காசு கொடுத்து வாங்கிய சட்டை, துப்பாக்கி, வைரம் எல்லாம் அதற்குள்தான் இருக்கும்.

"விளையாட்டுச் சாமான்தானே! போனால் போகட்டும்" என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். வைரம் பொய்தான். அதை வாங்கக் கொடுத்த ரூபாய் நிஜம். அது தகப்பனார் உழைத்துச் சம்பாதித்த ரூபாய்.

பூட்டு உடையவில்லை

திருடன் பூட்டை உடைத்தானா? இல்லை. சாவியைக் கேட்டான். பையன் கொடுத்துவிட்டான்.

நடந்தது இதுதான். விளையாடிக்கொண்டு இருந்தபோது ஒரு செய்தி வந்தது. "ஆயிரம் வைரம் இலவசம்! இன்று மட்டும்! இங்கே தொடவும்!" பையன் தொட்டான். ஒரு பக்கம் திறந்தது. விளையாட்டுக் கம்பெனியின் பக்கம் போலவே இருந்தது. அதே படம். அதே நிறம். பெயரைக் கேட்டது. பாஸ்வேர்டைக் கேட்டது. இரண்டையும் எழுதினான். வைரம் வரவில்லை. கணக்கு போய்விட்டது!

அது கம்பெனியின் பக்கம் அல்ல. திருடன் போட்ட வேஷம்.

ரோப்ளாக்ஸ் என்று ஒரு விளையாட்டுத் தளம் இருக்கிறது. அதில் செலவழிக்கும் காசுக்கு ரோபக்ஸ் என்று பெயர். இலவசமாக ரோபக்ஸ் உண்டாக்கித் தரும் வழி எதுவும் கிடையாது என்று அந்தக் கம்பெனியே சொல்லி இருக்கிறது. மற்ற விளையாட்டுகளிலும் இதே கதைதான். கம்பெனி சில சமயம் பரிசு தரும். அது விளையாட்டுக்கு உள்ளேயே வந்து சேரும். முகம் தெரியாதவன் அனுப்பும் பரிசு, தூண்டில் புழு!

கெட்டிக்காரர்களும் ஏமாந்தார்கள்

"என் பிள்ளை கெட்டிக்காரன். ஏமாற மாட்டான்" என்று எண்ண வேண்டாம். கம்ப்யூட்டர் விளையாட்டுகளை விற்கும் பெரிய கடை ஸ்டீம். அதை நடத்தும் கம்பெனி 2015 டிசம்பரில் ஓர் உண்மையைச் சொன்னது. மாதம் தோறும் சுமார் 77 ஆயிரம் கணக்குகள் திருட்டுப் போயினவாம். பறிகொடுத்தவர்களில் விளையாட்டையே தொழிலாகக் கொண்டவர்களும் இருந்தார்கள்!

கம்பெனியிலேயே திருட்டு நடப்பதும் உண்டு. 2011 ஏப்ரலில் சோனி கம்பெனியின் பிளேஸ்டேஷன் விளையாட்டுத் தளத்தில் திருடர்கள் புகுந்தார்கள். சுமார் 7 கோடியே 70 லட்சம் கணக்குகளின் விவரங்களுக்கு ஆபத்து வந்தது. இப்படித் திருடிய விவரங்களைக் கள்ளர்கள் மற்ற இடங்களிலும் போட்டுப் பார்ப்பார்கள். எல்லா இடத்துக்கும் ஒரே பாஸ்வேர்டு வைத்தவர் கதி என்ன? ஒரு சாவியில் எல்லா வீடும் திறந்துவிடும்!

பார்த்துத் தொடு!

தப்ப வழி உண்டு. பெரிய படிப்புத் தேவை இல்லை.

செய்தியில் வரும் இணைப்பைத் தொடாதீர்கள். விளையாட்டை நேராகத் திறந்து பாருங்கள். பக்கத்தின் உச்சியில் அதன் முகவரி இருக்கும். எழுத்துக் கூட்டிப் படியுங்கள். ஆங்கில ஓ எழுத்துக்குப் பதில் சைபர் போட்டு ஏமாற்றுவார்கள். பக்கத்தில் பூட்டுப் படம் இருந்தாலும் நம்ப வேண்டாம். போகிற வழியில் யாரும் ஒட்டுக் கேட்க முடியாது என்பதுதான் அந்தப் பூட்டுக்கு அர்த்தம். போய்ச் சேரும் இடம் திருடன் வீடாகவும் இருக்கலாம்.

விளையாட்டை முறையான ஆப் கடையில் மட்டும் இறக்குங்கள். "எல்லாம் திறந்த விளையாட்டு" என்று வேறு இடத்தில் கிடைப்பதில் வேவு பார்க்கும் சரக்கு ஒளிந்திருக்கலாம்.

ஒவ்வொரு இடத்துக்கும் வேறு பாஸ்வேர்டு வையுங்கள். நீளமாக வையுங்கள். மறந்துவிடும் என்றால் நோட்டில் எழுதிப் பீரோவில் பூட்டுங்கள். ஈமெயிலுக்குத் தனிப் பாஸ்வேர்டு கட்டாயம் வேண்டும். அதைப் பிடித்தவன் மற்ற பாஸ்வேர்டுகளை மாற்றிவிடுவான்.

இரட்டைப் பூட்டும் போடலாம். பாஸ்வேர்டு கொடுத்த பிறகு போனுக்கு ஓர் எண் வரும். அதையும் சொன்னால்தான் கதவு திறக்கும். அந்த எண்ணை யார் கேட்டாலும் சொல்லாதீர்கள். "கம்பெனியில் இருந்து பேசுகிறேன்" என்று ஒருவன் கேட்டால், அவன்தான் கள்ளன்!

அடிக்காதீர்கள்!

இவற்றை எல்லாம் விட முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது. அந்தப் பையன் ஏன் இரண்டு நாள் வாய் திறக்கவில்லை? தகப்பனார் அடிப்பார் என்று பயம். போனைப் பிடுங்கிக்கொள்வார் என்று பயம். அந்த இரண்டு நாளில் திருடன் பாஸ்வேர்டை மாற்றினான். ஈமெயிலை மாற்றினான். இருந்த வைரத்தை எல்லாம் செலவு செய்தான்.

திருடனுக்கு நம் பிள்ளையின் ஆசை உதவி செய்தது. அது உண்மை. நம் கோபமும் உதவி செய்தது. அதுவும் உண்மை.

"தப்பு நடந்தால் முதலில் என்னிடம் சொல். அடிக்க மாட்டேன்" என்று இன்றே பிள்ளையிடம் சொல்லுங்கள். சொன்ன சொல்லைக் காப்பாற்றுங்கள். பிள்ளை உடனே சொன்னால் உடனே ஈமெயில் பாஸ்வேர்டை மாற்றலாம். பிறகு விளையாட்டுப் பாஸ்வேர்டை மாற்றலாம். கம்பெனிக்கு எழுதலாம். பாங்கிப் பணம் போயிருந்தால் 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். மத்திய அரசு இதற்காகவே வைத்திருக்கும் எண் அது. எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, அவ்வளவுக்குப் பணத்தை நிறுத்திவைக்க வழி உண்டு.

எங்கள் தெருப் பையனின் தகப்பனார் கடைசியில் அடிக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து கம்பெனிக்கு எழுத உதவினார். சில நாளில் கணக்கு திரும்பி வந்தது. வைரம் வரவில்லை.

பாட்டி மட்டும் ஒரு கேள்வி கேட்டாள்.

"வாசலில் ஒருத்தன் வந்து, மிட்டாய் தருகிறேன், பீரோ சாவியைக் கொடு என்றால் கொடுப்பாயாடா?"

"மாட்டேன், பாட்டி."

"போனில் கேட்டாலும் அப்படியே சொல்லு!"