மன்னார்: போர்க் காயம் மறைத்து வைத்திருக்கும் நாடி நோய்

"ரெண்டு மாடி ஏறினால் மூச்சு வாங்குமா?"

குடலிறக்கச் சத்திரசிகிச்சைக்கு முன்னரான பரிசோதனையில் மயக்க மருந்து வைத்தியர் இப்படிக் கேட்டபோது சித்தப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். பேசாலையில் அவர் இருக்கும் ஒழுங்கையில் மாடி வீடே இல்லை. தீவில் உயரமானவை என்றால் கோயில் கோபுரங்களும் காற்றாலைகளும்தான். "மாடி எங்க ஐயா இருக்கு எங்கட பக்கம்?" என்று சிரித்துவிட்டு, "எல்லாம் ஏறுவன்" என்று சேர்த்துச் சொன்னார்.

2009 இல் வன்னியில் வலது காலை முழங்காலுக்கு மேல் இழந்தவர் அவர். செயற்கைக் காலுடன் கரையில் இருந்து வலை திருத்துகிறார். அவர் ஏன் பொய் சொன்னார் என்பது எனக்குத் தெரியும். ஏதாவது வருத்தம் இருக்கிறதென்று சொன்னால் திகதி தள்ளிப்போகும். இன்னொரு தடவை பஸ், இன்னொரு நாள் கூலி இல்லை.

சிங்களவரான அந்த இளம் வைத்தியர் படித்த தமிழில் பேசினார். பதிலை எழுதிக்கொண்டு அடுத்தவரைக் கூப்பிட்டிருக்கலாம். வெளியே வாங்கு நிறைய ஆட்கள். ஆனால் அவர் சித்தப்பாவின் இடது பாதத்தின் மேல் விரல் வைத்தார். பிறகு உட்கணுக்காலுக்குப் பின்னால் வைத்தார். நீண்ட நேரம். பிறகு இரண்டு கைகளிலும் பிறசர் பார்த்தார். வலது கையில் மேல் அளவு 146, இடது கையில் 118.

"நடக்கும்போது இந்தக் கால் நோகுறதில்லையா?"

"ஒற்றைக் கால்தானே ஐயா. முழுப் பாரமும் அதிலதான். பதினைஞ்சு வருசமா நோகுது."

இந்தப் பதிலைத்தான் நான் அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். எங்கள் மக்களில் எத்தனை பேர் இதே பதிலைச் சொல்வார்கள்? கால் நோனால் செல் காயம், நெஞ்சு இறுக்கினால் யோசனை, களைத்தால் முகாமில் பட்ட பாடு. உடம்பில் வரும் எல்லாவற்றுக்கும் போர் ஒரு காரணத்தைத் தயாராக வைத்திருக்கிறது. அதனால் வேறு காரணத்தை யாரும் தேடுவதில்லை.

காலுக்குக் குருதி கொண்டுபோகும் நாடி ஒடுங்கினால் வரும் வலிக்கு ஒரு தனிக் குணம் உண்டு. குறிப்பிட்ட தூரம் நடந்ததும் கெண்டைக்கால் இறுகும். நின்றால் சில நிமிடங்களில் விட்டுவிடும். திரும்ப நடந்தால் ஏறக்குறைய அதே தூரத்தில் மறுபடி பிடிக்கும். பழைய காயத்தின் நோவு இப்படிக் கணக்கு வைப்பதில்லை. சித்தப்பாவிடம் வைத்தியர் இதைக் கேட்டபோதுதான், சந்திக்குப் போகும் வழியில் அவர் எப்போதும் ஒரே பனையடியில் நிற்பது எனக்கு ஞாபகம் வந்தது. கதைக்கத்தான் நிற்கிறார் என்று நாங்கள் நினைத்திருந்தோம்.

கணுக்காலில் அளக்கும் அமுக்கத்தைக் கையில் அளக்கும் அமுக்கத்தால் வகுத்தால் வரும் எண் 0.9 அல்லது அதற்குக் குறைவாக இருந்தால் நாடி நோய் என்று கொள்வார்கள். கையடக்கமான டொப்ளர் கருவியும் சாதாரண பிறசர் பட்டியும் இதற்குப் போதும். சித்தப்பாவுக்கு 0.6 அளவில் வந்தது. நீண்டகாலச் சலரோகம் உள்ளவர்களில் நாடி கல்லாக இறுகி எண் 1.4 ஐத் தாண்டும். அதையும் நல்லதென்று எடுத்துவிடக் கூடாது. பிறவியிலேயே பாதத்தின் மேல் துடிப்பு தெரியாத சிலரும் உண்டு என்பதால்தான் வைத்தியர் கணுக்காலின் பின்புறத்தையும் தொட்டுப் பார்த்தார்.

இரு கைகளுக்கும் இடையிலிருந்த வித்தியாசம் இன்னொரு கதையைச் சொன்னது. இடது கைக்குப் போகும் நாடியும் ஒடுங்கியிருக்கிறது. கிளினிக்கில் இத்தனை வருடமும் இடது கையில் பார்த்து "பிறசர் நல்லது" என்று கொப்பியில் எழுதியிருந்தார்கள். சத்திரசிகிச்சை மேசையிலும் அந்தக் கையை நம்பியிருந்தால் அமுக்கம் இறங்கிவிட்டதென்று நினைத்து, தேவையில்லாமல் அதை ஏற்றும் மருந்து கொடுத்திருக்கக்கூடும். போரில் ஒரு கையை இழந்தவர்களிடம் இந்த ஒப்பீட்டுக்கே வழியில்லை. அவர்களில் கழுத்தையும் கால்களையும் இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும்.

கால் நாடியில் படிந்த கொழுப்பு இதய நாடியையும் கழுத்து நாடியையும் விட்டுவைத்திருக்கும் என்று நம்ப முடியாது. முழு மயக்கம் கொடுத்தவுடன் குருதி அமுக்கம் இறங்கும். நல்ல நாடி அதைச் சமாளிக்கும். ஒடுங்கிய இடத்துக்கு அப்பால் உள்ள தசையோ மூளையோ சமாளிக்காது. ஆபத்து மேசையோடு முடிவதும் இல்லை. 23 நாடுகளில் 8,351 பேரை உள்ளடக்கிய பொய்ஸ் ஆய்வில், சத்திரசிகிச்சைக்குப் பின் மாரடைப்பு வந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினருக்கு நெஞ்சு வலி போன்ற அறிகுறி எதுவும் இருக்கவில்லை. பெரும்பாலானவை முதல் இரண்டு நாட்களுக்குள் வந்தவை. நோவுக்கு ஊசி போட்டுப் படுத்திருப்பவர் எதை உணர்ந்து சொல்வார்?

மாடிக் கேள்விக்குத் திரும்புகிறேன். இலங்கைப் பின்னணி கொண்ட கனேடிய மயக்க மருந்து நிபுணர் துமிந்த விஜேசுந்தர தலைமையில் 1,401 பேரிடம் நடந்த ஆய்வு 2018 இல் லான்செட் சஞ்சிகையில் வெளியானது. வைத்தியர்கள் நோயாளியுடன் கதைத்துவிட்டு அவரது உடல் வலுவைத் தாமாகவே மதிப்பிட்டபோது, உண்மையில் வலு குறைந்தவர்களில் ஐந்தில் ஒருவரைத்தான் கண்டுபிடிக்க முடிந்தது. மாடியும் லிப்டும் உள்ள நாடுகளிலேயே நிலைமை இதுதான். அன்றாட வேலைகள் பற்றிய 12 கேள்விகள் கொண்ட படிவம் அதைவிட நன்றாக வேலை செய்தது. எங்கள் கரைக்கும் அப்படியொரு படிவம் தமிழில் வேண்டும். சோளகக் காற்றுக்கு எதிரே சைக்கிள் மிதிப்பீர்களா, கிணற்றில் எத்தனை வாளி அள்ளுவீர்கள், மணலில் வலையைத் தோளில் தூக்கிப் போவீர்களா என்று கேட்கும் படிவம். நாமாகச் சொற்களை மாற்றினால் மட்டும் போதாது, இங்குள்ளவர்களிடம் சோதித்துப் பார்க்கவும் வேண்டும். செயற்கைக் காலோடு உட்கார்ந்து வேலை செய்பவருக்கு இந்தக் கேள்விகளும் போதாது. அவர் இதயத்துக்கு மூச்சு வாங்கும் அளவு வேலையே கொடுப்பதில்லை.

கால் இழந்தவர்கள் விடயத்தில் இது ஊகமல்ல. இரண்டாம் உலகப் போரில் அவயவம் இழந்த அமெரிக்கப் படையினரைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு 1980 இல் வெளியானது. பெரும் பகுதியை இழந்தவர்களிடம் இதய, நாடி நோய்களால் ஏற்பட்ட மரணங்கள் கூடுதலாக இருந்தன. 1998 இல் வெளியான இஸ்ரேலிய ஆய்வும் அதே திசையைக் காட்டியது. போர் முடிந்தபோது முப்பதுகளில் இருந்தவர்கள் இப்போது ஐம்பதைத் தொடுகிறார்கள். குடலிறக்கம், பித்தக் கல், கண் புரை என்று சத்திரசிகிச்சைகள் அணிவகுக்கும் வயது இது.

உடலில் செல் துண்டு இருப்பவர்களுக்கு வேறொரு மறைவான கேடும் உண்டு. துண்டு உரசிய நாடியில் பல வருடங்களின் பின் வீக்கம் தெரியலாம். நாடியும் நாளமும் ஒன்றோடொன்று ஒட்டிப்போய் கை வைத்தால் அதிரலாம். உலோகம் இருப்பதால் எம்.ஆர்.ஐ. எடுப்பதிலும் ஆபத்து இருக்கிறது. ஆனால் எங்கள் ஆட்கள் காயத்தைச் சொல்லத் தயங்குகிறார்கள். எங்கே பட்டது, யாரோடு இருந்தாய் என்ற கேள்விகளைப் பதினைந்து வருடம் கேட்டுக் களைத்தவர்கள். நான் அவர்களிடம் சொல்வது இவ்வளவுதான்: காயம் எப்படி வந்தது என்று சொல்ல வேண்டியதில்லை, உடம்பில் எங்கே இருக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள்.

கண்டுபிடித்து என்ன செய்வது என்று கேட்கலாம். அடைப்பை உடனே திறந்துவிடுவதுதான் பதில் என்று நானும் நினைத்திருந்தேன். அமெரிக்காவில் 510 பேரிடம் நடந்து 2004 இல் வெளியான ஆய்வில், பெரிய நாடிச் சத்திரசிகிச்சைக்கு முன் நிலையான இதய நாடி அடைப்பைத் திறந்தவர்கள் திறக்காதவர்களைவிட அதிக காலம் வாழவில்லை. பொய்ஸ் ஆய்வில், சத்திரசிகிச்சைக்குச் சற்று முன் இதயத் துடிப்பைக் குறைக்கும் மாத்திரையைப் புதிதாகத் தொடங்கியபோது மாரடைப்பு குறைந்தது, பாரிசவாதமும் மரணமும் கூடின. மாறுவது சின்ன விடயங்கள். சித்தப்பாவுக்கு அஸ்பிரினும் கொலஸ்திரோல் மாத்திரையும் தொடங்கினார்கள். பீடியை விடச் சொன்னார்கள். முழு மயக்கத்துக்குப் பதிலாக அந்த இடத்தை மட்டும் விறைக்கச் செய்வதென்று முடிவாயிற்று. பிறசரை வலது கையில் மட்டும் பார்க்க வேண்டுமென்று கொப்பியின் முதல் பக்கத்தில் பெரிதாக எழுதினார்கள்.

இதற்கெல்லாம் பெரிய இயந்திரம் தேவைப்படவில்லை. தேவைப்பட்டது பத்து நிமிடமும் ஒரு வைத்தியரும். இரண்டும்தான் இப்போது குறைவு. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பின் வைத்தியர்கள் நாட்டைவிட்டுப் போனதன் சுமை எங்களைப் போன்ற தூர மாவட்டங்களில் அதிகமாகத் தெரிகிறது. நாடிகளைப் படமெடுத்துப் பார்க்க யாழ்ப்பாணம், கொழும்பு என்று போதனா வைத்தியசாலைகளை நாட வேண்டும். ஒற்றைக் காலோடு பஸ்ஸில் போய்வருவதை யோசித்தே பலர் துண்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிடுகிறார்கள். மாகாண சபைத் தேர்தல் பற்றிப் பேசுபவர்கள் டொப்ளர் கருவியைப் பற்றியும் ஒரு வார்த்தை பேசலாம். பிரதேச வைத்தியசாலைகளில் அது இருந்தால், தாதி ஒருவரைப் பழக்கினால், இந்தப் பயணங்களில் பாதி யாருக்குத் தேவை என்பதாவது தெரியவரும்.

சத்திரசிகிச்சை ஏழு வாரம் கழித்து நடந்தது. அந்த ஏழு வாரமும் சித்தப்பா என்னுடன் சரியாகக் கதைக்கவில்லை. திகதி போனதற்கு நான்தான் காரணமாம், பனையடியில் நிற்கும் கதையை நான்தான் வைத்தியரிடம் சொல்லிக் கொடுத்தேனாம். இப்போதும் அதே பனையடியில் நிற்கிறார். பீடி இல்லை. எத்தனை அடி நடந்து வந்தேன் என்று எண்ணிச் சொல்கிறார்.